கம்போடியாவுக்கு ஒரு மனித உரிமைப் பயணம்: பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் நடுவில், குடியிருப்புகளுக்கு மத்தியில், துவோல் ஸ்லெங் என்ற வளாகம் இருக்கிறது. 1975 வரை அது ஓர் உயர்நிலைப் பள்ளி. 1975 முதல் 1979 வரை நாட்டை ஆண்ட கெமர் ரூச் இயக்கம் அந்தப் பள்ளியைச் சிறையாக்கி எஸ்-21 என்று பெயர் வைத்தது. வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்து, மிகக் குறுகிய கொட்டடிகளாக்கியது. அந்தச் சிறையை நடத்திய டூச் அதற்கு முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். பள்ளிப் பிள்ளைகளை மனித உரிமை பற்றிக் கற்க வெளிநாட்டுக்கு அழைத்துப் போவதென்றால் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கம்போடியாவைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கரும்பலகையும் வராந்தாவும் புதிதல்ல. அவற்றை வைத்தே அங்கே என்ன நடந்தது என்பதை அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

இரண்டாவது காரணமும் உண்டு. சேவை செய்யப் போகிறோம் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாட்டுக்கு எவ்வளவு நன்மை செய்ய முடியும், எவ்வளவு கெடுதல் செய்துவிட முடியும் என்ற இரண்டையும் கம்போடியா பார்த்துவிட்டது. அதனால் அங்கே நல்ல அமைப்புகளிடம் தெளிவான விதிகள் இருக்கின்றன. புதிதாகக் கிளம்புகிற நமக்கு அந்த விதிகளே பாதி வழிகாட்டி.

நான் மாணவர்களோடு போய்வருகிற ஆசிரியை. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, பொறுப்பேற்று அழைத்துப்போகிற ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூர், மலேசியப் பள்ளிகளுக்குக் கம்போடியப் பயணம் ஓரளவு பழக்கமானதுதான். கனடாவில் ஒன்டாரியோ மாணவர்கள் பள்ளி முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணியைக் காட்ட வேண்டும். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் சேவை என்பது ஒரு கட்டாயப் பகுதி. இந்தியாவிலும் சர்வதேசப் பள்ளிகள் இப்படிப்பட்ட பயணங்களை நடத்துகின்றன. காரணம் எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் ஒன்றுதான்.

முதல் வேலை: எதற்குப் போகிறோம் என்று முடிவு செய்வது

மனித உரிமைக் கல்வி, பயிற்சி குறித்து ஐ.நா. 2011 டிசம்பரில் ஒரு பிரகடனம் வெளியிட்டது. அது இந்தக் கல்வியை மூன்றாகப் பிரிக்கிறது. உரிமைகளைப் பற்றிக் கற்பது ஒன்று. கற்பவர், கற்பிப்பவர் இருவருடைய உரிமைகளையும் மதிக்கும் முறையில் கற்பது இரண்டாவது. தன் உரிமையைப் பயன்படுத்தவும் பிறர் உரிமையைக் காக்கவும் ஒருவரைத் தயார்படுத்துவது மூன்றாவது. பயணத் திட்டம் ஒன்று கைக்கு வந்தால் இந்த மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் முதலாவது கொஞ்சம் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் இருக்க வேண்டிய இடத்தில் 'ஏழைக் குழந்தைகளோடு ஒரு நாள்' என்று எழுதியிருக்கும்.

என் கருத்து இது: இந்த வயதில் போகிற பயணம் கற்பதற்கான பயணம். சேவை அதில் சிறு பகுதியாக இருந்தால் போதும். அதுவும் அங்குள்ளவர்கள் கேட்ட வேலையாக இருக்க வேண்டும். ஒரு வாரம் வந்துபோகிற பள்ளி மாணவர் அந்த நாட்டின் எந்தப் பிரச்சினையையும் தீர்க்கப் போவதில்லை. அதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். சொன்னால் மனம் உடைந்துபோவார்கள் என்று நினைக்க வேண்டாம். தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியதுபோல அதன் பிறகுதான் நன்றாகக் கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

குழந்தைகள் இல்லம் வேண்டாம்

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன். பயணத் திட்டத்தில் அநாதை இல்லத்துக்குப் போவதாக ஒரு வரி இருந்தால் அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள். அரை மணி நேரம்தான், பாட்டுப் பாடி மிட்டாய் கொடுத்துவிட்டு வருவதுதான் என்றாலும் வேண்டாம்.

காரணம் எண்ணிக்கையிலேயே தெரியும். கம்போடியாவில் 2005-இல் 154 குழந்தைகள் இல்லங்கள் இருந்தன. 2010-இல் 269 ஆகிவிட்டன. போர் முடிந்து, நாடு மெல்ல எழுந்து, சுற்றுலாவும் பெருகிய காலம் அது. அநாதைகள் கூடவில்லை, இல்லங்கள் மட்டும் கூடின. யுனிசெஃப்பும் கம்போடிய அரசும் சேர்ந்து ஆராய்ந்தபோது, அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. 'இங்கே விட்டால் படிப்பு, சாப்பாடு, இங்கிலீஷ் எல்லாம் கிடைக்கும்' என்று சொல்லி ஏழைக் குடும்பங்களிடமிருந்து பிள்ளைகளை வாங்கி வந்து வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிற வெளிநாட்டவர் தருகிற நன்கொடைதான் வருமானம். குழந்தைகள் பரிதாபமாகத் தெரிந்தால்தான் பணம் வரும் என்பதால் அவர்களைப் பரிதாபமாகவே வைத்திருந்த இடங்களும் உண்டு.

வாராவாரம் புதிய அண்ணன் அக்காக்கள் வந்து கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வராமல் போவது அந்தக் குழந்தையின் மனதை என்ன செய்யும் என்பது தனிக் கதை. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் இந்த விஷயத்தை விசாரித்து, 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அந்தப் பேச்சின் நடுவில் வைத்தது. புனோம் பென்னில் 1994 முதல் வேலை செய்கிற ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, குழந்தைகள் காட்சிப்பொருள் அல்ல என்று ஒரு பிரசாரமே நடத்தியது. அவர்களுடைய சைல்ட்சேஃப் இயக்கம் பயணிகளுக்கென்று எளிய விதிகள் வைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் குழுவில் எல்லோரும் அவற்றைப் படித்துவிடட்டும்.

இதே கேள்வியைப் பள்ளிக்கூடங்களுக்கும் கேளுங்கள். முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகள் இருபது பேர் நம் ஊர்ப் பள்ளிக்குள் திடீரென்று வந்து, பாடம் நடக்கிற வகுப்பை நிறுத்தி, நம் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா? நம் வீட்டில் சம்மதிக்காததை அங்கேயும் செய்யக் கூடாது.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

பள்ளியே நேரடியாக ஏற்பாடு செய்தாலும், வெளி நிறுவனம் செய்தாலும், பணம் கட்டுவதற்கு முன்பு எழுத்தில் பதில் வாங்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. கம்போடியாவில் உங்களோடு இணைந்து வேலை செய்கிற உள்ளூர் அமைப்பு எது? அதில் முடிவெடுக்கும் இடத்தில் கம்போடியர்கள் இருக்கிறார்களா? மாணவர்கள் செய்யப்போகிற வேலையை யார் கேட்டார்கள்? நாங்கள் போன பிறகு அந்த வேலையை யார் தொடர்வார்கள்? நாங்கள் கட்டுகிற பணத்தில் எவ்வளவு அந்த அமைப்புக்குப் போகிறது?

பிறகு பாதுகாப்பு. குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அது இரண்டு பக்கமும் காக்க வேண்டும்: நம் பிள்ளைகளையும், நாம் சந்திக்கப்போகிற பிள்ளைகளையும். கூட வருகிற பெரியவர்களின் பின்னணியைச் சரிபார்த்திருக்கிறார்களா, எத்தனை மாணவருக்கு ஒரு பெரியவர், பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் பொறுப்பாளர் உண்டா, இரவில் அறைகளை யார் கவனிப்பது, உடம்பு சரியில்லாமல் போனால் எந்த மருத்துவமனை, முடிவெடுப்பது யார் என்றெல்லாம் கேளுங்கள். கேள்வி கேட்கிற பெற்றோரைத் தொந்தரவாகப் பார்க்கிற நிறுவனத்தோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

விளம்பரத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அழுக்குச் சட்டைக் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிற வெளிநாட்டு மாணவியின் படம் முதல் பக்கத்தில் இருந்தால், அந்த நிறுவனம் எதை விற்கிறது என்று புரிந்துவிடும்.

சரி, அப்படியென்றால் என்ன வேலைதான் செய்யலாம்? தோட்ட வேலை, மரம் நடுவது, உள்ளூர் இளைஞர் குழுவோடு சேர்ந்து குப்பை அகற்றுவது, நூலகப் புத்தகங்களை அடுக்கிப் பதிவு செய்வது போன்றவை பொருத்தமாக இருக்கும். கம்போடிய மாணவர்களோடு சமமாக உட்கார்ந்து இரண்டு மொழியிலும் பேசிப் பழகுவது எனக்கு இன்னும் பிடித்தது. சுவர் கட்டுவது, வீடு கட்டுவது வேண்டாம். ஊரில் கொத்தனார் இருக்கிறார், அவருக்குக் கூலி தேவை. நம் பிள்ளைகள் கோணலாகக் கட்டிய சுவரை இரவில் இடித்துவிட்டு மறுபடி கட்டுகிற கதைகளும் உண்டு.

கிளம்புவதற்கு முந்தைய மாதங்கள்

பயணம் ஒரு வாரம் என்றால் தயாரிப்புக்கு மூன்று மாதமாவது வேண்டும். வாரம் ஒரு சந்திப்பு வைத்தால் போதும்.

முதல் சந்திப்புகளில் 1948 டிசம்பர் 10-இல் ஏற்கப்பட்ட மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தைப் படியுங்கள். மொத்தமே 30 உறுப்புகள். தமிழிலும் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு மூன்று உறுப்புகளைப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு மாணவர் என்றால் செங்கல் சூளை, அரிசி ஆலைக் கொத்தடிமை பற்றிய செய்திகள் கிடைக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது, மீட்பு நடவடிக்கைகள் இன்னும் செய்தியில் வருகின்றன. மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. இந்த வேலையைச் செய்யாமல் விமானம் ஏறினால், உரிமை மீறல் என்பது வேறு நாட்டில், வேறு காலத்தில், வேறு யாரோ செய்தது என்ற எண்ணம் பிள்ளைக்குள் உட்கார்ந்துவிடும். இந்தத் தயாரிப்பை நடத்த உதவி வேண்டுமென்றால், மதுரையிலுள்ள மக்கள் கண்காணிப்பகத்தின் மனித உரிமைக் கல்வி நிறுவனம் 1997 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதே வேலையைச் செய்திருக்கிறது.

அப்புறம் கம்போடியாவின் வரலாறு. 1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூச் படை புனோம் பென்னுக்குள் நுழைந்து, நகரத்தையே காலி செய்து மக்களை வயல்களுக்கு விரட்டியது. பணம், சந்தை, பள்ளி, கோயில் எல்லாம் ஒழிக்கப்பட்டன. 1979 ஜனவரி 7-இல் வியட்நாம் படை வந்து அந்த ஆட்சியை விரட்டியது. அதற்குள் சுமார் 80 லட்சம் பேர் இருந்த நாட்டில் 17 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் கொலையாலும் செத்துப்போனார்கள். அதற்கு முன்பு அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின் மீது குண்டு போட்ட ஆண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் கெமர் ரூச் தலைவர் போல் போட் வானத்திலிருந்து குதித்த அரக்கன் என்று மட்டுமே பிள்ளைகளுக்குத் தோன்றும்.

விசாரணைக்கு ஒரு முழுச் சந்திப்பை ஒதுக்குங்கள். ஐ.நா. துணையோடு புனோம் பென்னில் 2006-இல் தொடங்கிய சிறப்பு நீதிமன்றம் 2022-இல் கடைசித் தீர்ப்பைச் சொன்னது. அத்தனை ஆண்டுகளில், 30 கோடி டாலருக்கு மேல் செலவில், தண்டனை பெற்றவர்கள் மூன்று பேர்: எஸ்-21 சிறையை நடத்திய டூச், கெமர் ரூச் மூத்த தலைவர்கள் நுவோன் சியா, கியூ சம்பான். போல் போட் 1998-இலேயே செத்துப்போனார். இது நீதியா? பாதிக்கப்பட்டவர்கள் இந்த நீதிமன்றத்தில் வெறும் சாட்சிகளாக இல்லாமல் வழக்கில் ஒரு தரப்பாகவே பங்கேற்றார்கள். அதற்கு என்ன மதிப்பு? முப்பது ஆண்டு கழித்துக் கிடைக்கிற தீர்ப்பு யாருக்காக? மாணவர்களை இரண்டு பக்கமும் நின்று வாதாட விடுங்கள். எனக்குத் தெரிந்து இந்த ஒரு விவாதம் பல பாடப்புத்தகப் பக்கங்களுக்குச் சமம்.

இன்றைய கம்போடியாவும் வேண்டும். அந்நாட்டு ஏற்றுமதியில் ஆயத்த ஆடைதான் பெரும்பங்கு. தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகள் தங்கள் அலமாரியிலுள்ள சட்டைகளின் காலரைத் திருப்பிப் பார்த்தால் கம்போடியாவின் பெயர் ஒன்றிரண்டிலாவது இருக்கும். அங்கிருந்து கூலி, வேலை நேரம், சங்கம் சேரும் உரிமை என்று பேச்சை நகர்த்தலாம். இன்னொன்று, இணைய மோசடிக் கூடங்கள். நல்ல வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, போனில் ஊரை ஏமாற்ற வைக்கிற இடங்கள். அவற்றில் சிக்கிய இந்தியர்களைத் தூதரகம் மீட்டது 2024-இல் பெரிய செய்தியானது. வேலை தேடி வெளிநாடு போக நினைக்கிற அண்ணன்மார் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இதைக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குழுவில் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், கிளம்புவதற்கு முன்பு தனியாகப் பேசுங்கள். துவோல் ஸ்லெங்கில் வரிசை வரிசையாக இருப்பது முகங்களின் புகைப்படங்கள். காணாமல் ஆக்கப்பட்ட மாமாவின் படம் சுவரில் தொங்குகிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 முதல் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போராட்டத்தில் உட்கார்ந்த அம்மாக்களைத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த அறை வேறு மாதிரிப் பேசும். உள்ளே போவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். எல்லோர் முன்னாலும் அனுபவத்தைச் சொல் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

காகிதம், பணம், உடம்பு

பாஸ்போர்ட் திரும்பி வருகிற நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. இ-விசாவைக் கம்போடிய அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்குகிற தளங்கள் நிறைய இருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற ஒப்புதல் கடிதத்தைக் கையில் கொடுத்தனுப்புங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல்: ஒன்று பொறுப்பாசிரியரிடம், ஒன்று வீட்டில்.

காப்பீடு கட்டாயம். அவசரத்தில் பாங்காக்குக்கோ சிங்கப்பூருக்கோ விமானத்தில் கொண்டுபோய்ச் சிகிச்சை தருகிற செலவும் அதில் அடங்க வேண்டும். தடுப்பூசிக்கு ஆறு வாரம் முன்னதாக மருத்துவரைப் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ் பற்றிக் கேளுங்கள். டெங்கு இருக்கிற நாடு, கொசு மருந்து பையிலேயே இருக்கட்டும். தெருநாயைக் கொஞ்ச வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

2025 ஜூலையில் தாய்லாந்து எல்லையில் சண்டை மூண்டது. ஆண்டு இறுதியில் மறுபடியும் மூண்டது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பும், கிளம்புகிற வாரத்திலும் உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பாருங்கள். எல்லை மாகாணங்களைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலநிலை நன்றாக இருக்கும். ஏப்ரலில் வெயில் கொளுத்தும். நம் சித்திரைப் புத்தாண்டு நாட்களில்தான் கெமர் புத்தாண்டும் வருகிறது. அந்த வாரம் அலுவலகம், அமைப்பு எல்லாம் மூடிக் கிடக்கும், எல்லோரும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

ஊர் முழுக்க டாலரும் ரியலும் சேர்ந்தே புழங்கும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். கிழிந்த டாலர் நோட்டையும் பேனாக் கறை பட்டதையும் யாரும் வாங்கமாட்டார்கள், அதனால் சின்ன மதிப்பில் புதிய நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனம்: காய்கறிக் குழம்பு என்று வருவதிலும் பிரகோக் என்ற மீன் விழுதோ மீன் சாறோ இருக்கும். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள். கம்போடியர்கள் நம்மைப் போலவே கைகூப்பி வணக்கம் சொல்கிறவர்கள். பெரியவர்களைக் கும்பிடும்போது கை மேலே உயரும். குழந்தையானாலும் யார் தலையையும் தொடாதீர்கள். தோளும் முழங்காலும் மூடுகிற உடை போதும்.

அங்கே போன பிறகு

புனோம் பென்னில் துவோல் ஸ்லெங்கையும், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சோயுங் எக் கொலைக்களத்தையும் ஒரே நாளில் முடிப்பதுதான் சுற்றுலாக்காரர்களின் வழக்கம். மாணவர்களோடு அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாள் காலை துவோல் ஸ்லெங், மதியம் ஓய்வு. மறுநாள் காலை சோயுங் எக். இரண்டு இடத்திலும் ஒலி வழிகாட்டி கிடைக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டால் அவரவர் வேகத்தில் போகலாம், வேண்டாத இடத்தில் நிறுத்திவிடலாம்.

துவோல் ஸ்லெங்கில் ஏ கட்டடத்தின் அறைகளில் இரும்புக் கட்டில் ஒன்றும் சுவரில் ஒரு படமும் மட்டும் இருக்கும். தரையில் பள்ளிக்கூடத்தின் பழைய கட்டத் தரையோடுகள். பி கட்டடத்தில் கைதிகளின் படங்கள். உள்ளே கொண்டுவந்தவுடன் எண் அட்டையைக் குத்தி எடுத்தவை. சில முகங்கள் பத்து வயதுகூட நிரம்பாதவை. சி கட்டடத்தின் வராந்தாவை முள்கம்பி வலை மூடியிருக்கும். கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் செத்துவிடக் கூடாது என்று கட்டியது. முற்றத்தில் மாணவர்கள் உடற்பயிற்சி செய்த கம்பம் நிற்கிறது, அதைச் சித்திரவதைக்குப் பயன்படுத்தினார்கள். சிறப்பு நீதிமன்றம் உறுதிசெய்த கணக்கிலேயே இங்கிருந்து சாவுக்குப் போனவர்கள் 12,000 பேருக்கு மேல். தப்பிய பெரியவர்கள் ஒரு கைப்பிடி. அவர்களில் சும் மே இயந்திரம் பழுதுபார்க்கத் தெரிந்ததால் உயிரோடு விடப்பட்டவர். பூ மெங் படம் வரையத் தெரிந்ததால். இருவரும் பின்னாளில் அதே முற்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, தங்கள் கதையைச் சொல்லும் புத்தகங்களை விற்றார்கள்.

கையில் பிரகடனத்தின் சிறு பிரதி இருக்கட்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் எந்தெந்த உறுப்பு மீறப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டே வரச் சொல்லலாம். சித்திரவதை கூடாது என்பது 5-ஆவது. காரணமின்றிக் கைது கூடாது என்பது 9-ஆவது. நியாயமான விசாரணை 10-ஆவது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பது 11-ஆவது. பள்ளியைச் சிறையாக்கியதால் கல்வி உரிமை சொல்லும் 26-ஆவதும் சேரும். எழுத மனம் வராத பிள்ளையை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இருவர் இருவராகப் போகட்டும். வெளியே உட்கார விரும்புகிறவர்களுக்காக ஒரு பெரியவர் முற்றத்து மரத்தடியிலேயே இருக்க வேண்டும்.

சோயுங் எக்கில் 1988-இல் கட்டிய நினைவுத் தூபிக்குள் ஆயிரக்கணக்கான மண்டை ஓடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். பூ வைக்கலாம். மழை பெய்தால் மண்ணிலிருந்து எலும்புத் துண்டும் துணியும் இன்றும் மேலே வருகின்றன. பாதையை விட்டு இறங்க வேண்டாம், எதையும் கையில் எடுக்க வேண்டாம். குழந்தைகளைக் கொன்ற மரம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வண்டியிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், திடீரென்று எதிர்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு இடமும், எம்-13 என்ற பழைய சிறையும் சேர்ந்து 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே செல்ஃபி எடுக்க வேண்டாம் என்பதை ஒரு விதியாக அல்லாமல், கிளம்புவதற்கு முன்பே குழு சேர்ந்து எடுத்த முடிவாக வைத்துக்கொண்டால் யாரையும் அதட்ட வேண்டியிருக்காது.

அன்று சாயங்காலம் எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள். சாப்பாடு, பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. பேச விரும்பாதவர் சும்மா இருக்கலாம். வீட்டுக்குப் போன் செய்ய நேரம் கொடுங்கள். அப்பா அம்மாவே, அன்றைக்கு மட்டும் 'என்ன வாங்கினாய்' என்று ஆரம்பிக்காமல் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

இறந்தவர்களின் கதையோடு மட்டும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் அந்த நாட்டுக்கு நாம் செய்கிற அநியாயம். ஆகவே அடுத்த நாட்கள் இன்றைய ஆட்களுக்கு. புனோம் பென்னில் போபானா மையத்தில் பழைய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். திரைப்பட இயக்குநர் ரித்தி பான் முயற்சியில் உருவானது. சியெம் ரீப்பில் கண்ணிவெடி அருங்காட்சியகம் இருக்கிறது. 1979-க்குப் பிறகு கண்ணிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் 60,000 பேருக்கு மேல். அதே ஊரில் அப்போபோ அமைப்பின் பார்வையாளர் மையமும் உண்டு. வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஆப்பிரிக்கப் பெரிய எலிகளை அங்கே பார்க்கலாம். எடை குறைவு என்பதால் எலி மேலே நடந்தாலும் கண்ணிவெடி வெடிக்காது. டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணியில் முகர்ந்து முடித்துவிடும். மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனில் வீரப் பதக்கமே கொடுத்தார்கள். முந்தின நாட்களின் இறுக்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் முகம் மலர்வதை இங்கே பார்க்கலாம்.

இரவில் ஃபார் என்ற சர்க்கஸ். அகதி முகாமில் ஓவியம் கற்ற இளைஞர்கள் ஊர் திரும்பி 1994-இல் பட்டம்பாங்கில் தொடங்கிய கலைப் பள்ளியிலிருந்து வந்த கலைஞர்கள் ஆடுகிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்குவதே அவர்களுக்கு உதவிதான். தெருவிலிருந்து வந்த இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறலும் கற்றுத்தரும் உணவகங்களும் இரண்டு நகரத்திலும் உண்டு. பிச்சை கேட்கிற, பொருள் விற்கிற குழந்தைகளிடம் காசு கொடுப்பதைவிட அங்கே சாப்பிடுவது நல்லது. தெருவில் காசு கிடைக்கிறவரை அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகாது.

ஒரு எச்சரிக்கை. மனித உரிமை படிக்க வந்திருக்கிறோம் என்பதற்காக அங்குள்ள அரசியல் கூட்டத்திலோ போராட்டத்திலோ போய் நிற்க வேண்டாம். மன்னரை அவமதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2018 முதல் இருக்கிறது. நம்மைவிட நம்மோடு பேசிய உள்ளூர்க்காரர்தான் பிறகு மாட்டிக்கொள்வார். அதே காரணத்துக்காக, ஒருவர் மனம் திறந்து சொன்னதைப் பெயரோடும் படத்தோடும் இணையத்தில் போடக் கூடாது. யாரைப் படம் எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தை என்றால் குழந்தையையும் பெற்றோரையும் கேளுங்கள், இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

திரும்பி வந்ததும்

முதல் வாரம் தூங்கட்டும். இரண்டாவது வாரம் ஒரு சந்திப்பு, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. சில பிள்ளைகளுக்குக் கனவு வரும், சாப்பாடு இறங்காது. அப்படியிருந்தால் பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப்போங்கள், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட வேண்டாம்.

பள்ளியில் மற்ற மாணவர்களுக்குச் சொல்லும் கூட்டத்தை டிசம்பர் 10-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கம்போடியாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால், தயாரிப்பில் கண்டுபிடித்த உள்ளூர் விஷயத்தைப் பற்றியும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது நான் வைக்கிற நிபந்தனை. கொத்தடிமை பற்றிப் படித்த பிள்ளை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதலாம். ஆடைத் தொழிலாளர் பற்றிப் படித்தவர் தான் வாங்குகிற நிறுவனத்துக்கு, உங்கள் சட்டையை எந்தத் தொழிற்சாலை தைத்தது என்று கேட்டு எழுதலாம். கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் இந்தப் பயணத்தை எழுதுவதில் தவறில்லை. ஆனால் கம்போடியக் குழந்தை ஒன்றின் கண்ணீரை வைத்துத் தன்னை உயர்த்திக்கொள்கிற கட்டுரை வேண்டாம். அங்கே யார் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கும் அதுவே பிடிக்கும்.

கடைசியாக, உங்களை வரவேற்ற உள்ளூர் அமைப்புக்கு எழுதுங்கள். நன்றிக் கடிதம் மட்டும் போதாது. எங்களால் உங்களுக்கு எந்த வேலை கூடியது, எது வீண், அடுத்த குழு வரலாமா வேண்டாமா என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம், அந்தப் பணத்தை அனுப்பினால் போதும் என்று பதில் வந்தால், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேவை நாளை எடுத்துவிட்டு அந்தத் தொகையை அனுப்பிவிடுங்கள்.